வார இறுதிக்கு ஆள் வருகிறார்களா? பெரிய வேலையை வியாழக்கிழமையே முடித்துவிடுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஆறு வேளைச் சாப்பாடு, இரண்டு இரவுத் தூக்கம். வீட்டில் நான்கு பேர், வருகிறவர்கள் இரண்டு பேர் என்றால் மொத்தம் 36 தட்டு. இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடெல்லாம் முதல் வேளையோடு தீர்ந்துபோகிறது. வெள்ளி இரவு மேசை கொள்ளாத அளவுக்குப் பதார்த்தம் இருக்கும். சனிக்கிழமை காலை பால் பற்றாது, பத்து மணிக்கு யாராவது கடைக்கு ஓடுவார்கள், மதியம் வரை சமையலறையை விட்டு வெளியே வர முடியாது. பார்த்துப் பேச வந்தவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார்.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: ஆள் வந்த பிறகு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக அடுப்பின் முன் நிற்கும் நேரம் முக்கால் மணியைத் தாண்டக் கூடாது. எந்த வேலையை முன்கூட்டியே முடிப்பது, எந்தப் பதார்த்தத்தை விட்டுவிடுவது, எதை வெளியில் வாங்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு அளவே பதில் சொல்லிவிடும்.

முதல் வேலை ஒரு போன். ஐந்தாறு நாள் முன்னால் பேசிவிட வேண்டும். "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் "எதுவா இருந்தாலும் சரி" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "சாப்பிடக் கூடாதது, ஒத்துக்காதது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். கூடவே எத்தனை மணிக்கு வந்து சேர்வார்கள், வழியில் சாப்பிட்டு வருவார்களா, காலையில் எத்தனை மணிக்கு எழுவார்கள், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து இருக்கிறதா, வேறு யாரையாவது பார்க்கப் போகும் திட்டம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியில் பல நேரம் ஒரு வேளைச் சமையலே மிச்சமாகும். சனி மதியம் அவர்கள் வெளியில் சாப்பிடப் போவது முன்னாலேயே தெரிந்தால் 36 தட்டு 34 ஆகும். அதைவிட, அந்த வேளைக்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வேர்க்கடலை, பாதாம் முந்திரி வகை, எள், பால், முட்டை, மீன், இறால் நண்டு, கோதுமை, சோயா இவற்றில் ஏதாவது அலர்ஜி என்று சொன்னால், அந்தப் பொருளைப் போடாமல் சமைத்தால் மட்டும் போதாது. அது பட்ட கரண்டி, வெட்டும் பலகை, பொரித்த எண்ணெய் வழியாகவும் போய்ச் சேரும். அந்த வார இறுதிக்கு அந்தப் பொருளை எல்லோருக்குமே நிறுத்திவிடுவதுதான் சுலபம், பத்திரமும் கூட. "கொஞ்சம் ஒத்துக்காது" என்பதற்கும் "மூச்சு அடைக்கும்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எது என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

படுக்கை அறை

வீடு முழுவதையும் துலக்க வேண்டாம். பரண், ஸ்டோர் ரூம், உங்கள் அலமாரி எதையும் தொட வேண்டாம். விருந்தாளி புழங்கும் இடம் நான்குதான்: அவர் படுக்கும் அறை, குளியலறை, கூடம், சாப்பிடும் இடம். நேரம் குறைவு என்றால் குளியலறையையும் படுக்கையையும் மட்டும் சரியாகச் செய்யுங்கள். கூடத்தில் நாலு புத்தகம் கலைந்து கிடந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை.

சுத்தம் செய்யும்போது மேலிருந்து கீழ், உலர்ந்த வேலைக்குப் பிறகு ஈர வேலை. முதலில் ஃபேன். பழைய தலையணை உறை ஒன்றை ஒவ்வொரு இறக்கையிலும் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில்மேல் கொட்டாது. பிறகு ஒட்டடை, ஜன்னல், அலமாரி மேல்பகுதி, கட்டிலுக்கு அடி, கடைசியில் தரை. தரையை முதலில் துடைத்துவிட்டு ஃபேனைத் துடைத்தால் தரையை இன்னொரு முறை துடைக்க வேண்டியதுதான். ஏசி இருந்தால் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டி, வியாழக்கிழமை இரவே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பல மாதம் ஓடாத ஏசியில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். அப்படி இருந்தால் தண்ணீர் சுவர்வழியாக உள்ளேதான் சொட்டும். அதை வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தால் சரிசெய்ய ஆள் கிடைக்காது.

அலமாரியில் நாள்பட மடித்துவைத்த விரிப்பும் போர்வையும் சுத்தமாகத் தெரிந்தாலும் ஒரு மக்கல் வாடை அடிக்கும். புதன்கிழமையே துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மடியுங்கள். லேசான ஈரத்தோடு மடித்தால் அந்த வாடை இரண்டே நாளில் திரும்ப வந்துவிடும். அந்துருண்டை போட்ட அலமாரியிலிருந்து எடுத்த துணி என்றால் துவைக்காமல் தரவே கூடாது, முக்கியமாகக் கைக்குழந்தை வருகிறதென்றால். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். தங்கள் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்கே தெரிந்திருக்காது.

தலையணை ஆளுக்கு இரண்டு, ஒன்று தடிமனாக, ஒன்று மெல்லியதாக. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப உயரம் வேண்டும். குப்புறப் படுப்பவர்களுக்கு அந்த உயரமே கழுத்து வலியைக் கொண்டுவரும். போர்வையும் இரண்டு வகை: மெல்லியது படுக்கைமேல், கனமானது கண்ணில் படும்படி கால்மாட்டில். உள்ளே வைத்துவிட்டு "வேணும்னா கேளுங்க" என்று சொன்னால், நடுராத்திரியில் குளிர்ந்தாலும் யாரும் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள்.

தனி அறை இல்லாமல் காற்றடைத்த மெத்தை போடுகிறீர்கள் என்றால், முதல் நாளே ஊதி ஒரு இரவு விட்டுவிடுங்கள். மெத்தைத் துணி கொஞ்சம் விரிந்து கொடுக்கும், இரவில் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்; இரண்டாலும் மெத்தை தொய்யும். படுக்கப் போகுமுன் மறுபடி ஊதி இறுக்கினால் விடியும்வரை நிற்கும். இன்னொன்று, காற்று மெத்தையில் குளிர் கீழிருந்து வரும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லிடும். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு தடித்த போர்வையை விரித்துவிட்டால் சரியாகிவிடும்.

பெட்டியைத் தரையில் குனிந்து திறக்க வேண்டியில்லாமல் ஒரு ஸ்டூல் அல்லது பெஞ்ச், அலமாரியில் ஒரு காலித் தட்டு, ஐந்தாறு ஹேங்கர், சுவரில் இரண்டு கொக்கி, மூடியுள்ள தண்ணீர் ஜாடி, டம்ளர், குப்பைக்கூடை, கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு பிளக் பாயின்ட். வைஃபை பாஸ்வேர்டைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு, வியாழன் இரவு விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கட்டிலில் நீங்களே கால்மணி நேரம் படுத்துப் பாருங்கள். தயாரிப்பில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யச் சொல்வேன். பகலில் காதில் விழாத ஃபேனின் கீச்சுச் சத்தம் அப்போது கேட்கும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிப்பது தெரியும். ஏதோ ஒரு கருவியின் நீல விளக்கு அறை முழுக்க வெளிச்சம் போடுவது தெரியும். அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினால் போதும். எழுந்து பாத்ரூம் போக ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவிப் பாருங்கள். உங்களுக்கே கைக்கு அகப்படவில்லையென்றால் புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? நடைவழியில் ஒரு சின்ன இரவு விளக்கு போட்டுவிடுங்கள்.

குளியலறை

அடிக்கடி புழங்காத குளியலறையில் வரும் சாக்கடை நாற்றத்துக்கு அழுக்கு காரணம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். தரை ஜாலிக்குக் கீழும், வாஷ்பேசினுக்கு அடியிலும் குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு மேலே வராமல் மூடி வைக்கிறது. சில வாரம் யாரும் தண்ணீர் விடாவிட்டால் அது ஆவியாகிவிடும், வழி திறந்துகொள்ளும். ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். அறையை மறுபடி பூட்டப் போகிறீர்கள் என்றால் அதன்மேல் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள்; எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

பூட்டிக் கிடந்த அறையின் குழாயையும் ஷவரையும் இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்டு, குழாயில் தேங்கி நின்ற பழைய தண்ணீரை வெளியேற்றுங்கள். முதலில் துருநிறத்தில் வரலாம். அந்தச் சமயத்தில் ஷவருக்குக் கீழே நின்று அதன் சாரலை மூச்சில் இழுக்காமல், திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரக்கூடும். அது குடிப்பதைவிட சாரலாக நுரையீரலுக்குள் போகும்போதுதான் ஆபத்து.

அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, ப்ளீச்சையும் ஆசிட் உள்ள டாய்லெட் கிளீனரையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கிவிடும். அம்மோனியா உள்ள கண்ணாடிக் கிளீனரோடும் ப்ளீச் சேரக் கூடாது. ஒரு நாளில் ஒரு பொருள் போதும். ஊற்றிய கையோடு தேய்த்துக் கழுவாமல், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டால் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

வெந்நீரை யாரும் கணக்கிடுவதில்லை. 15 லிட்டர் ஹீட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்குகிறது, குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்கும் பதமான 40 டிகிரிக்குக் கலந்தால் கிடைப்பது ஏறக்குறைய 35 லிட்டர். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் அது நான்கு நிமிடம்கூட வராது. தீர்ந்த பிறகு 2 கிலோவாட் ஹீட்டர் மறுபடி சூடாக 18 முதல் 20 நிமிடம் எடுக்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கினால் 35 லிட்டர் 27 ஆகும், காத்திருப்பு 24 நிமிடம் ஆகும். ஆறு பேரும் சனிக்கிழமை காலையில் வரிசையாகக் குளிப்பதென்றால் இரண்டு மணி நேரம் போய்விடும், காத்திருக்காவிட்டால் இரண்டாவது ஆளுக்கே பச்சைத் தண்ணீர்தான். வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் முதல் நாள் இரவே குளித்துவிடுவது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும், ஸ்விட்ச் எங்கே என்பதை வந்தவுடனே காட்டிவிட வேண்டும்.

துண்டு ஆளுக்கு ஒரு பெரியது, ஒரு சிறியது, ஆளுக்கொரு நிறத்தில். புதுத் துண்டை அப்படியே எடுத்துக் கொடுத்தால் தண்ணீரை உறிஞ்சாது; கடையில் பளபளப்பாகத் தெரிவதற்காக ஏற்றிய பூச்சு நூலின்மேல் இருக்கும். இரண்டு முறை துவைத்த பிறகுதான் அது துண்டாகும். மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள். அதுவும் நூலின்மேல் ஒரு படலமாகப் படிந்து உறிஞ்சவிடாமல் செய்யும். காற்றில் ஈரம் அதிகமுள்ள காலத்தில் துண்டு ஒரே இரவில் காயாது. அப்போது ஆளுக்கு இன்னொரு பெரிய துண்டு வேண்டும்.

வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் வழுக்காத பாய், பிடித்துக்கொள்ள உறுதியான ஒன்று (துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது), உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் தேவை. அறைத் தரையில் மடங்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தை வந்தால் தரையில் தண்ணீர் நிரம்பிய வாளி இருக்கவே கூடாது, பாதி வாளி என்றாலும் ஆபத்து. கிளீனர் பாட்டில், மாத்திரை, ரிமோட்டில் போடும் வட்டமான சின்ன பேட்டரி எல்லாம் உயரத்துக்குப் போய்விட வேண்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

அறையில் நறுமணம் தெளிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு அது இரவு முழுவதும் தொல்லை. ஜன்னலைத் திறந்து ஒரு பகல் காற்றாடவிட்டால் போதும்.

சமையல்

ஆறு வேளையில் எத்தனையை முழுதாகச் சமைப்பது? என் கணக்கு மூன்று: வெள்ளி இரவு, சனி மதியம், ஞாயிறு மதியம். காலைச் சாப்பாடு இரண்டும் அடுப்பு அதிகம் தேவைப்படாதவை. சனி இரவு வெளியே போகலாம், அல்லது இருப்பதை வைத்து ஒரு சூப்பும் ரொட்டியும். வெள்ளி இரவும் சனி மதியமும் கனமாகச் சாப்பிட்ட யாருக்கும் சனி இரவு எளிமையாக இருந்தால் நிம்மதிதான்.

அளவு இப்படி: ஒரு வேளைக்கு ஒரு ஆளுக்கு அரிசி 80 முதல் 100 கிராம், பருப்பு 40 கிராம், காய் 150 கிராம், எலும்புள்ள இறைச்சி 200 முதல் 250 கிராம், எலும்பில்லாதது 150 கிராம். ஆறு பேருக்கு அரிசி 600 கிராம் தாராளம். பால் டீயும் காபியும் குடிப்பவருக்கு நாளுக்குக் கால் லிட்டர், குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர். பால், தண்ணீர், பழம் இந்த மூன்றுதான் முதலில் தீரும். இவற்றை மட்டும் கணக்குக்கு மேல் வாங்குங்கள். பதார்த்தத்தின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். நான்கு வகை செய்தால் ஒவ்வொன்றையும் எல்லோரும் எடுப்பார்கள். எட்டு வகை செய்தால் எட்டிலும் பாதி மிஞ்சும்.

வியாழன் இரவு செய்ய வேண்டிய பெரிய வேலை, குழம்புகளுக்கான அடிப்படை. ஒரு கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, 60 கிராம் இஞ்சி பூண்டு, 100 மில்லி எண்ணெய். மசாலாத் தூள் எதுவும் சேர்க்கக் கூடாது. வெங்காயத்தை ஒரே அளவாக அரிந்து, அகலமான சட்டியில் இரண்டு தவணையாக வதக்குங்கள். ஒரு கிலோவையும் ஒன்றாகப் போட்டால் அடியில் இருப்பது விடும் தண்ணீர் மேலே உள்ள குவியலில் சிக்கிக்கொள்ளும். வெங்காயம் வதங்காமல் வேகத்தான் செய்யும். அரை மணி கழித்தும் வெளிறிப்போயே கிடக்கும், வாசனையும் வராது. இரண்டு தவணையும் பொன்னிறமான பிறகு ஒன்றாக்கி, இஞ்சி பூண்டு போட்டுப் பச்சை வாசனை போனதும் தக்காளி. தக்காளி மசிந்து, சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வளையமாக நிற்கும்போது இறக்குங்கள். அதற்கு முன்னால் இறக்கினால் தண்ணீர்ச் சத்து மிஞ்சி, குழம்பில் தக்காளிப் புளிப்பு முன்னால் நிற்கும். ஏறக்குறைய 800 கிராம் வரும். மூன்றாகப் பிரித்து டப்பாவில் போட்டால் ஆறு பேருக்கான மூன்று குழம்பு தயார். ஒன்றில் காய், ஒன்றில் பயறு, ஒன்றில் முட்டையோ இறைச்சியோ. மசாலா அந்தந்த நேரத்தில் போடுவதால் மூன்றும் மூன்று ருசி. அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் அரை மணி.

சிவப்பு ராஜ்மா செய்வதாக இருந்தால் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் சில மணி நேரத்தில் வாந்தியைக் கொண்டுவரும். மெல்லிய சூட்டில் நாள் முழுக்க வேகவைக்கும் மின்பாத்திரம் கொதிநிலைக்குப் போகாததால், முதலில் அடுப்பில் கொதிக்கவிடாமல் அதில் போடக் கூடாது.

சமைத்ததை எப்படி ஆறவைக்கிறோம் என்பதில்தான் விருந்துச் சாப்பாட்டின் பெரிய ஆபத்து இருக்கிறது. ஐந்து லிட்டர் குழம்பை அதே அண்டாவில் மூடி அடுப்பு மேடையில் விட்டால், மேலே ஆறியிருக்கும், நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பு இருக்கும். கொதித்தும் சாகாத க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் அந்தச் சூட்டில்தான் முளைத்துப் பெருகும், முக்கியமாக இறைச்சி, பயறுக் குழம்பில். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு இருக்கும் நேரம் இரண்டு மணியைத் தாண்டக் கூடாது. வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி. சட்டியை ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறிவிட்டு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத அகலமான டப்பாக்களில் ஊற்றி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க மூன்று பாத்திரத்தை ஒன்றாக உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்க வேண்டும், புதன்கிழமையே ஒரு தட்டைக் காலி செய்து வைக்க வேண்டும். திரும்பச் சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது. கிளறி, நடுவிலும் ஆவி பறக்கக் கொதிக்க வேண்டும்.

சோறு இதைவிடக் கறாரான சமாச்சாரம். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வெளியில் வைத்த சோற்றில் விடும் நஞ்சு, திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவைத்து உள்ளே வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். இரவு முழுக்க மேசைமேல் இருந்ததை மணம் நன்றாக இருக்கிறது என்று சூடாக்கிப் பரிமாறாதீர்கள்.

அளவைக் கூட்டும்போது இன்னொரு தவறும் நடக்கும். மூடி இறுக்கமில்லாத பாத்திரத்தில் ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் வைத்துப் பழகியவர் நான்கு கப்புக்கு எட்டு கப் வைத்தால் சோறு குழைந்துபோகும். அரிசி உறிஞ்சுவது அதன் அளவுக்குத் தக்கபடிதான். ஆவியாகிப் போகும் தண்ணீர் மட்டும் நான்கு மடங்காவதில்லை. ஆறு, ஆறரை கப்பில் நிறுத்திப் பாருங்கள். உப்பையும் காரத்தையும் அப்படியே பெருக்காமல் முக்கால்வாசி போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். புதிதாக வருகிறவரின் காரப் பழக்கம் தெரியாத வரைக்கும் சமையலில் காரத்தைக் குறைத்து, வேண்டியவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைப்பது நல்லது.

உறையவைக்க நினைத்தால் எது தாங்கும் எது தாங்காது என்று தெரிந்திருக்க வேண்டும். வதக்கிய அடிப்படை, வெந்த பயறு, இறைச்சிக் குழம்பு எல்லாம் மைனஸ் 18 டிகிரியில் நன்றாக இருக்கும். உருளைக்கிழங்குத் துண்டு மணல் மணலாகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், பால் சேர்த்த குழம்பு திரிந்ததுபோல் பிரியும், வெள்ளரிக்காய் கூழாகும். உறைந்த முழுக் கோழி இரண்டு கிலோ என்றால் ஃபிரிட்ஜில் இளக ஒரு முழுநாள் ஆகும். வெள்ளி இரவுக்கு வேண்டியதை வியாழன் மதியமே கீழ்த்தட்டில், சாறு வழியாதபடி ஆழமான தட்டில் இறக்கிவிடுங்கள்.

காலைச் சாப்பாட்டில் விருந்தாளிக்கு நீங்கள் எழுவதற்காகக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. ஐந்து மணிக்கே எழுந்து பழகியவர் ஏழரை வரை பசியோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். டீத்தூள், காபித்தூள், சர்க்கரை, கப், ஸ்பூன், கெட்டில் எல்லாம் ஒரே தட்டில். பக்கத்தில் ரொட்டி, பழம், வெண்ணெய். அவித்த முட்டை ஃபிரிட்ஜில் ஓடோடு ஒரு வாரம்வரை இருக்கும். பழத்தை முன்னாலேயே நறுக்கினால் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். இல்லாவிட்டால் ஆப்பிள் அரை மணியில் பழுப்பேறிவிடும். அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று முதல் நாள் இரவே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்சுலின்போல 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து வந்தால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், முன்பக்கமாக ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். பின்சுவரை ஒட்டினால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் இளகிய பிறகும் பயன்படாது.

வெள்ளிக்கிழமை

ஏழு மணிக்கு வருகிறார்கள் என்றால் சமையலை ஐந்தரைக்கு முடித்து, பாத்திரம் கழுவி, குப்பையை வெளியே போட்டு, ஆறு மணிக்கு நீங்கள் குளித்திருக்க வேண்டும். ஆள் வரும்போது சிங்க் காலியாக இருப்பது மிக முக்கியம். அடுத்த வேளை அதிலிருந்துதான் தொடங்குகிறது. கீரை, இலை வகைகளை அன்று காலை வாங்கிக் கழுவி, ஈரம் போக உதறி, துணியில் சுற்றி வையுங்கள். முதல் இரவுக்குப் பொரித்ததும் வறுத்ததும் வேண்டாம். பயணத்தில் வருகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாவது சாதாரணம். குழம்பு காத்திருக்கும், பொரித்தது நமுத்துப்போகும், திரும்பச் சூடாக்கினால் எண்ணெய் கக்கும். மொறுமொறுப்பாக ஏதாவது செய்ய ஆசை என்றால் சனி மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

வந்தவர் முதலில் கேட்பது தண்ணீரும் பாத்ரூமும்தான். சாப்பாட்டை உடனே எடுத்து வைக்காமல், அறையைக் காட்டி, முகம் கழுவி வர ஒரு கால்மணி கொடுங்கள். அந்த நேரத்தில் குழம்பு சூடாகிவிடும்.

சமையலறையில் வந்து "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டால் மறுக்காதீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்: பட்டாணி உரிப்பது, தட்டு எடுத்து வைப்பது. ஒன்றும் செய்யாமல் நிற்பவருக்குத்தான் சங்கடம் அதிகம்.

ஞாயிறு கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் கொடுப்பதாக இருந்தால் பயண நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் குழம்பு, சோறு, பாலில் செய்தவை வேண்டாம். ரொட்டி, முழுப் பழம், உலர்ந்த பலகாரம் போதும். வாசலுக்குப் போகுமுன் தலையணைக்கு அடியில், பிளக் பாயின்டில், குளியலறைக் கொக்கியில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜரும் மருந்தும்தான் பெரும்பாலும் மறந்துபோவது. ஈரத் துண்டுகளை அன்று மாலையே துவைக்கப் போட்டுவிடுங்கள். விரிப்பைத் துவைத்து, காய்ந்த பிறகு, ஒரு படுக்கைக்குரிய விரிப்பையும் உறைகளையும் ஒரே தலையணை உறைக்குள் மொத்தமாக மடித்து வைத்தால் அடுத்த முறை அலமாரியில் தேட வேண்டியிருக்காது.